என்ன நடந்தது என்று முதலில் எழுதுங்கள்

என் பழைய டைரி ஒன்றில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: "மாலை 4.20. தம்பி வந்தான். அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டான். வலது கை முடிந்து, இடது கையில் இரண்டு விரல் ஆனதுமே அம்மா தூங்கிவிட்டாள். மீதி மூன்று விரலை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வெட்டிய நகத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனான்."

இதை எழுதி மூன்றாம் நாள் அம்மா இறந்துவிட்டாள்.

அதன் பிறகு எட்டு வருஷம் நான் எல்லாரிடமும் சொல்லிவந்த கதை வேறு. அந்தக் கடைசி வாரம் முழுக்க நான் ஒருத்திதான் அம்மா பக்கத்தில் இருந்தேன், தம்பி எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான் என்பது என் கதை. சொந்தக்காரர்களிடம் சொன்னேன். ஒருமுறை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து போய்விட்டான். அவனே ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். வீடு மாற்றும்போது பழைய நோட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்து. நேரம் முதற்கொண்டு போட்டிருக்கிறேன். படித்த பிறகும் அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் நர்ஸ். வார்டில் 21 வருஷம், அதில் சில வருஷம் ஐசியுவில். டைரியைத் தொடர்ந்து எழுத ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. டைரி எழுதினால் மனம் லேசாகும், எழுத்து வளரும் என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அந்த நகம் வெட்டிய பக்கம்.

என் மூளையில் மட்டும் ஏதோ கோளாறு என்று சில நாள் பயந்தேன். பிறகுதான் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அவர் தன் மாணவர்களிடம், செய்தி தெரிந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். நாலில் ஒருவருக்கு ஒரு முக்கிய விவரம்கூடச் சரியாக இல்லை. அப்படியும் பலர் தங்கள் நினைவுதான் சரி என்பதில் உறுதியாக இருந்தார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

ஐசியுவில் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் பத்துப் பதினைந்து நாள் கிடந்து கண் விழிப்பவர்களுக்கு அந்த நாட்கள் வெறும் இருட்டு. இருட்டாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சிலருக்கு அந்த இடத்தில் நடக்காததெல்லாம் நடந்ததாகப் பதிந்திருக்கும். கட்டிப்போட்டார்கள், கொல்ல வந்தார்கள் என்று நடுங்கிக்கொண்டே சொல்வார்கள். ஐரோப்பாவில் பல ஐசியுக்களில் நர்ஸ்களும் குடும்பத்தாரும் சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவருக்காக ஒரு டைரி எழுதுகிறார்கள். இன்று குழாயை எடுத்தோம், இன்று உங்கள் மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எளிய வாக்கியங்கள். தேறியதும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு நாடுகளில் 12 மருத்துவமனைகளில் 352 பேரைப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் புதிதாக வந்தவர்கள், டைரி கிடைத்தவர்களில் 5 சதவீதம், அதுவரை கிடைக்காதவர்களில் 13 சதவீதம். 2019-இல் பிரான்ஸில் 35 ஐசியுக்களில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் டைரியை மருந்து என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கண் விழித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, எனக்கு என்ன ஆச்சு, எத்தனை நாள் ஆச்சு, யார் யார் வந்தாங்க என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு நோட்டில் இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, எப்படி எழுதுவது?

நோட்டும் பேனாவும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். தேதி அச்சடித்த டைரி வாங்காதீர்கள். நாலு நாள் எழுதாமல் விட்டால் நாலு வெள்ளைப் பக்கம் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கும், ஐந்தாம் நாள் அதைத் திறக்கவே மனம் வராது. சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். பக்க எண் போடுங்கள். முதல் இரண்டு பக்கத்தை அட்டவணைக்கு விட்டுவிடுங்கள். தேதி எழுதும்போது வருஷத்தை நாலு இலக்கமாகவே எழுதுங்கள். பத்து நோட்டு சேர்ந்த பிறகுதான் இதன் அருமை தெரியும்.

பேனாவில் ஒன்று மட்டும் கவனம். எழுதியதைத் தேய்த்து அழிக்கும் ஜெல் பேனா வேண்டாம். அந்த மை சூட்டில் மறையும் வகை, 60 டிகிரி வந்தாலே எழுத்து காணாமல் போய்விடும். வெயிலில் நிற்கும் காருக்குள் நோட்டை மறந்து வைத்தால் போதும். மருத்துவமனை சார்ட்டில் அந்தப் பேனாவைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதா பால்பாயிண்ட் பேனா நல்லது, தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகப் பரவாது. ரசீது, டிக்கெட் ஒட்டி வைக்கிறவர்கள், அது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாளாக இருந்தால் விவரத்தைப் பக்கத்திலேயே கையால் எழுதிவிடுங்கள். சில வருஷத்தில் அந்த அச்சு வெளுத்து வெறும் தாள்தான் மிஞ்சும்.

போனில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். எனக்குக் கையால் எழுதினால்தான் வேகம் குறைந்து யோசனை ஓடுகிறது. உங்களுக்குப் போன்தான் வரும் என்றால் போனிலேயே எழுதுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பிரிண்ட் எடுத்து வைத்துவிடுங்கள்.

வார்டில் கற்றுக்கொண்ட முறை

பள்ளியில் படிக்கும்போதே டைரி எழுதிப் பார்த்தவள்தான் நான். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. "இன்று மனசே சரியில்லை. யாருக்கும் என்னைப் புரியவில்லை. எல்லாம் வெறுத்துப்போச்சு." பக்கம் பக்கமாக இதே. எதனால் மனசு சரியில்லை, யாருக்குப் புரியவில்லை, எது வெறுத்தது, ஒன்றும் தெரியவில்லை. எழுதியவளுக்கே தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம் எதற்கு?

டைரி எழுதச் சொல்லிக்கொடுத்தது வார்டுதான். நர்ஸ் நோட்ஸில், நோயாளி நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் சீனியர் சிஸ்டர் திருப்பிக் கொடுப்பார். நன்றாக என்றால் என்ன? "காலை 6 மணி. இரவில் மூன்று முறை எழுந்தார். வலி பத்துக்கு ஆறு என்கிறார். 'மல்லாந்து படுத்தா மூச்சு அடைக்குது' என்றார்." இப்படி எழுத வேண்டும். கோபமாக இருந்தார் என்று எழுதக் கூடாது, மாத்திரையைத் தட்டிவிட்டார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். கோபம் என்பது நம் முடிவு. தட்டிவிட்டது நாம் பார்த்தது. அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு நம் முடிவைவிட நாம் பார்த்ததுதான் உதவும்.

டைரியைப் படிக்கப்போவதும் அடுத்த ஷிப்ட்தான். பத்து வருஷம் கழித்து வரும் நீங்கள். அவருக்கு இன்றைய நாளைப் பற்றி எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முதலில் நேரம். பிறகு கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. பேச்சை மட்டும் உங்கள் வார்த்தையில் சுருக்காதீர்கள், சொன்னவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தமிழில் இதை மிக நன்றாகச் செய்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன் என்று உரையாடலாகவே எழுதி வைத்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டு மனிதர்கள் பேசுவது இன்றும் நம் காதில் விழுவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

உணர்ச்சியை எழுதவே கூடாதா என்றால், கட்டாயம் எழுத வேண்டும். கடைசியில் எழுத வேண்டும். நடந்ததை எழுதி முடித்த பிறகு வரும் உணர்ச்சி தெளிவாக வருகிறது என்பது என் அனுபவம்.

என் நோட்டிலிருந்தே ஒரு நாளைக் காட்டுகிறேன். பழைய வழக்கத்தில் எழுதியிருந்தால், "இன்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்திவிட்டார்" என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும். நான் எழுதியது இது (ஹேண்ட் ஓவர் என்பது ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, லைன் என்பது மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய்):

"காலை 8.10, ஹேண்ட் ஓவர். ஏழு பேர் நின்றிருந்தோம். மூன்றாம் படுக்கையில் நின்று சூப்பர்வைசர், 'இந்த லைன் எப்போ போட்டது? தேதி எங்கே?' என்றார். 'எழுத மறந்துட்டேன்' என்றேன். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வரும்வரை யாரிடமும் பேசவில்லை."

எழுதும்போதே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. கேட்ட கேள்வி நியாயமானது, தேதி போடாதது என் தவறு. என்னை வீடு வரை துரத்திவந்தது அந்தப் புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டதுதான். நான் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ அவள் முன்னால் தவறியது. ஒரு வரியில் முடித்திருந்தால் சூப்பர்வைசர் மேல் கோபத்தோடு தூங்கியிருப்பேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய், லைனில் தேதி எழுதுவது ஏன் முக்கியம் என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

வார்டிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இன்னும் இரண்டு உண்டு. தவறாக எழுதிவிட்டால் மை பூசி மறைக்க மாட்டோம், பக்கத்தைக் கிழிக்க மாட்டோம். ஒற்றைக் கோடு போட்டு, அடித்தது படிக்கிற மாதிரியே விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவோம். டைரியிலும் அப்படியே செய்யுங்கள். முதலில் என்ன எழுத வந்து கை நின்றது என்பதும் ஒரு செய்தி. இன்னொன்று, அன்றைக்கே எழுதாமல் பிறகு எழுதினால், பின்பதிவு என்று குறித்து எழுதிய தேதியையும் போடுவது. அன்றைக்கே எழுதியதற்கும் ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியதற்கும் நம்பகம் ஒன்றல்ல, அது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

நாள் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள். விட்ட நாட்களை முதலில் நிரப்ப உட்காராதீர்கள், அங்கேதான் நிறையப் பேர் டைரியைக் கைவிடுகிறார்கள். இன்றைய நாளை எழுதிவிட்டு, நேரம் இருந்தால் விட்டதில் முக்கியமான ஒன்றை மட்டும் பின்பதிவாக எழுதுங்கள். எனக்கே ஒரு வருஷத்தில் இரண்டு மாதம் வெறுமையாக இருக்கிறது. மகள் பிறந்த சமயம் அது.

தினம் எவ்வளவு என்றால், ஆறேழு வரி போதும். எப்போதும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். நான் மறுநாளைக்கு அலாரம் வைத்த கையோடு நோட்டை எடுப்பேன், நைட் ட்யூட்டி என்றால் குளித்துவிட்டு வந்ததும். முடிக்கும்போது மறுநாள் செய்ய வேண்டியதைக் கீழே நாலு வரி எழுதி வைப்பேன். படுக்கும் முன் ஐந்து நிமிஷம் இப்படி எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் 57 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. எனக்கு அது பலிக்கிறது.

ஒன்றுமே நடக்காத நாளில்? அப்படிப்பட்ட நாளைத்தான் பத்து வருஷம் கழித்து ஆசையாகப் படிப்பீர்கள். வீட்டில் யார் எங்கே படுத்திருந்தார்கள், குழந்தை எந்த வார்த்தையைத் தவறாகச் சொன்னது, எந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். இன்னொன்றும் எழுதலாம், இனி என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பது. "மகள் இந்தப் புதுப் பள்ளியில் ஒட்டவே மாட்டாள்" என்று ஜூன் மாதம் எழுதினேன். அக்டோபரில் படித்தால் அவளுக்கு நாலு தோழிகள், பெயரோடு நானே எழுதியிருக்கிறேன். என் பயங்களில் எத்தனை பலித்தது, எத்தனை பலிக்கவில்லை என்று கணக்குப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கனமான நாட்கள்

இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதச் சொன்னார். சிலர் வாழ்வில் நடந்த மிகக் கசப்பான ஒன்றை, நடந்ததையும் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயத்தை எழுதினார்கள். கசப்பை எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே மற்றவர்களைவிட அதிக வருத்தமாகத்தான் இருந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைவாக இருந்தது.

ஆகவே எழுதி முடித்ததும் அழுகை வந்தால் தவறாகச் செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எழுதிய உடனே தூங்கப் போகாமல், பத்து நிமிஷம் ஏதாவது கைவேலை செய்துவிட்டுப் படுங்கள். எழுதத் தொடங்கினாலே தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அந்த விஷயம் நோட்டுக்கு இன்னும் தயாராகவில்லை. ஒரே விஷயத்தை ஒரே வார்த்தைகளில் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால், தூக்கமும் கெட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு வரியாகவாவது வந்திருந்தால், நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். மனநல மருத்துவரிடம் போகும்போது அந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துப் போகலாம். எப்போது தொடங்கியது, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும்.

யார் கண்ணிலும் படாமல்

ஹாஸ்டலில் இருந்தபோது ஒருத்தி என் டைரியை எடுத்து அறையில் எல்லாரும் கேட்கப் படித்தாள். இரண்டு வருஷம் நான் எழுதவே இல்லை. அந்த இரண்டு வருஷம் எனக்கு இன்றும் மங்கலாகத்தான் தெரிகிறது. அதனால் பூட்டி வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம், இது என் நோட்டு, படிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயர்களுக்கு ஓர் எழுத்து, ஒரு குறி போதும். மற்றவர்களின் ரகசியம் வேறு. என் நோயாளிகளின் பெயர், நோய், எதுவும் என் டைரியில் இருக்காது, அது எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லாதது. உங்களுக்குப் பிறகு நோட்டுகளை என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி, ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

திரும்பப் படிப்பது

நிறையப் பேர் எழுதுகிறார்கள், படிப்பதில்லை. நானும் அப்படித்தான் எட்டு வருஷத்தை விட்டேன். இப்போது மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அந்த மாதத்தைப் படிக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பழைய நோட்டை எடுக்கிறேன். படிக்கும்போது தோன்றுவதை ஓரத்தில் வேறு நிற மையில், அன்றைய தேதியோடு எழுதுவேன். பழைய வரியில் கை வைக்க மாட்டேன். இருபத்தெட்டு வயதில் நான் நினைத்தது தவறாகவே இருக்கட்டும், அது அவள் எழுதியது.

யாரோடாவது பழைய வழக்கு இருந்தால், அந்த வருஷத்து நோட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நகம் வெட்டிய பக்கத்தை போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறும் போட்டோவை மட்டும் அனுப்பினேன். அன்று இரவு கூப்பிட்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவன் அதைக் கேட்கவே இல்லை. "அடுத்த நாள் பக்கத்துல என்னக்கா இருக்கு?" என்றான். எனக்கும் அது நினைவில் இல்லை. நோட்டை எடுத்துவந்து போனிலேயே படித்தேன்.

"காலை 7.05. தம்பி வந்துவிட்டான். அம்மா கண் திறக்கவில்லை. அசைத்தால் முழித்துவிடுவாள் என்று இவன் தொடவில்லை. நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மதியம் வரை உட்கார்ந்திருந்தான்."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டோம் என்றுதான் அவன் எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தானாம். நான் முகத்துக்கு நேராகச் சொன்ன அன்று எழுந்து போனதும் அதனால்தான்.